நொய்யல் ஆத்துல புதுத்தண்ணி, டிடிஎஸ் (தண்ணில கரைஞ்ச உப்பு) கொறஞ்சிருக்கு: தோட்டத்துக்கு எடுக்கலாமுங்களா?

தோட்டத்துக்காரன்:
திருப்பூருக்கு கீழ ஆத்தோரமா நமக்கு தோட்டமுங்க. ஐப்பசி மழை புடிச்சதுல இருந்து தண்ணி நல்லா போகுது, ஆனா தடுப்பணைக்கு கீழ இடுப்பளவு நுரை, காத்தடிச்சா ரோட்டுக்கே பறந்து வருது. டிடிஎஸ் மீட்டர்ல பாத்தா கோடையில காட்டுனதுல பாதி கூட இல்ல, அப்ப தண்ணி நல்லாயிருச்சுன்னுதானே? தென்னைக்கும் தக்காளிக்கும் மோட்டார் போட்டு எடுக்கலாமா, மாட்டுக்கு காட்டலாமா? அப்பா வேண்டவே வேண்டாங்கறாரு.

லேப்காரர்:
அப்பா சொல்றது சரிதான் தம்பி. அந்த மீட்டர் கரைஞ்ச உப்ப மட்டும் குத்துமதிப்பா சொல்லும், சேறு கிருமி எதுவும் அதுல தெரியாது. மழைத்தண்ணி கலந்தா உப்பு கொறையும், அதே மழை ரோட்டு ஆயில், சாணி, கோயமுத்தூர்ல இருந்து வர்ற சாக்கடைன்னு எல்லாத்தையும் வாரிட்டு வரும். குடிதண்ணிக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 10500ல டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேற வழியில்லைன்னா 2000 வரைக்கும் விட்டிருக்காங்க, ஈகோலிங்கற மலக்கிருமி மட்டும் 100 மில்லில ஒண்ணு கூட இருக்கப்படாது. மழை நாள்ல டிடிஎஸ் எறங்கும், ஈகோலி ஏறும். நுரை பெரும்பாலும் சோப்புத்தூள் வேலை, தண்ணி மேல இருந்து விழுந்து அடிபடறப்ப பொங்குது. மாட்டுக்கு காட்டாதீங்க. தக்காளி பச்சையா திங்கற சமாச்சாரம், அதுக்கும் வேண்டாம்.

மழைக்குருவி:
சோப்பா? மழை வந்தா கழிவ ஆத்துல தொறந்துவிட சாயக்காரனுக்கு கொண்டாட்டம்னு எங்கூர்ல சின்னப்பையனுக்கும் தெரியும் சார். 2011 ஜனவரில ஹைகோர்ட்டே சாயப்பட்டறைய மூடச்சொன்னது மறந்துபோச்சா?

லேப்காரர்:
மறக்கலைங்க. சாயம் போட உப்பு மூட்டை மூட்டையா கொட்டறாங்க, அந்தத் தண்ணி நெறைய வந்தா கலரும் ஏறும் டிடிஎஸ்ஸும் ஏறும். இவருக்கு எறங்கியிருக்கு, அதனால இந்தத் தடவ சாக்கடை மேலதான் எனக்கு சந்தேகம். கொஞ்சமா கலந்து விட்டா இந்த மீட்டர வெச்சு கண்டுபுடிக்க முடியாதுங்கறதையும் ஒத்துக்கறேன்.

ஒரத்துப்பாளையத்தார்:
எங்க ஒரத்துப்பாளையம் டேம் 1992ல பாசனத்துக்குன்னு கட்டுனது, கடைசில சாயத்தண்ணி தொட்டியாயிருச்சு, அந்த அனுபவத்துல சொல்றேன் கண்ணு. மொத தண்ணிய தொடவே தொடாத. கோடை பூரா ஆத்துல படிஞ்ச கருஞ்சேற அதுதான் கெளப்பிட்டு வரும், தண்ணில மூச்சுக்காத்து இல்லாம மீன் வாயத்தொறந்துட்டு மேல வரும், பாத்திருப்ப. வெள்ளம் நல்லா ஓடி, நுரையும் நாத்தமும் அடங்குனதுக்கப்புறம் தென்னைக்கு மட்டும் விடு, அதுவும் மட்டைல படாம பாத்தில. தென்னை கொஞ்சம் உப்பு தாங்கும்.

தோட்டத்துக்காரன்:
சரிங்கண்ணா. அப்ப கெணத்துத் தண்ணி இந்த மழைக்கு தெளிஞ்சிருமுங்களா?

ஒரத்துப்பாளையத்தார்:
ஒடனே நம்பாத. மண்ணுல பழைய உப்பு கெடந்தா மழை அதக் கரைச்சு கெணத்துக்குள்ளதான் எறக்கும், சில கெணத்துல மழைக்கப்புறம்தான் கரிப்பு ஏறுச்சு. தையில ஒருக்கா பாட்டில்ல புடிச்சு லேபுக்கு குடு, மீட்டர் மட்டும் போதாது.

தோட்டத்துக்காரன்:
செஞ்சுடறனுங்க. மாட்டுக்கு இப்பத்திக்கு பஞ்சாயத்து பைப்புதான், ரெண்டு நாளைக்கு ஒருக்கா வருது, தொட்டி கட்டோணும்.