கடற்பசுவுக்கு நெருங்கிய உறவு திமிங்கலமா, யானையா?

தேவிபட்டினம் வாசி
எங்கள் ஊர்ப் பொங்கல் விழாவில் மாணவர்களுக்கு நடந்த பொது அறிவுப் போட்டியில், கடற்பசுவுக்கு மிக நெருங்கிய உறவு எது என்று கேட்டு, திமிங்கலம், யானை, கடல்நாய், எருமை என நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள். யானை என்ற அணிக்கே மதிப்பெண் கிடைத்தது. கடற்பசுவும் திமிங்கலமும் கடலிலேயே வாழ்கின்றன, மூச்சு வாங்க மேலே வருகின்றன, வால்கூட ஒன்றுபோலவே பிளந்திருக்கிறது. அப்படியிருக்க யானை எங்கிருந்து வந்தது என்று பெற்றோர் சிலர் இன்னும் விடாமல் கேட்கிறார்கள். விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பாம்பன் கரை
நடுவர் சொன்னதே சரி, ஐயா. நம் பக்கத்து மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் இந்த விலங்கின் வால் உறவுக்குச் சான்றாகாது. தரையில் வாழ்ந்த பாலூட்டிகளின் முதுகெலும்பு மேலும் கீழுமாக வளையக்கூடியது என்பதால், அவற்றின் வழிவந்து கடலுக்குப் போன இரு இனங்களுக்கும் வால் கிடைமட்டமாகவே அமைந்தது. பக்கவாட்டில் உடலை அசைத்து நீந்தும் மீனுக்கோ அது செங்குத்தாக நிற்கிறது.

உறவைப் பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. பெண் கடற்பசுவின் மடிக்காம்புகள் துடுப்புகளுக்கு அடியில், அக்குள் பக்கத்தில் இருக்கின்றன. யானைக்கும் அவை முன்னங்கால்களுக்கு இடையில்தான். பருவமடைந்த ஆண் கடற்பசுவின் மேல்தாடை வெட்டுப்பற்கள் வெளியே நீண்டு தந்தமாகின்றன; யானையின் தந்தமும் மேல்தாடை வெட்டுப்பல்லே. மரபணு ஆய்வுகளும் இதை உறுதி செய்துள்ளன. ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும், முயல் அளவேயுள்ள ஹைராக்ஸும் இதே கூட்டத்தைச் சேர்ந்தது என்றால் அந்தப் பெற்றோர் இன்னும் கோபப்படக்கூடும்! திமிங்கலத்தின் நெருங்கிய உறவு நீர்யானை.

உணவிலும் அவை எதிரெதிர். திமிங்கலங்கள் மீன், கணவாய், கூனிப்பொடி போன்ற உயிர்களைத் தின்பவை. கடற்பசு கடற்புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும். ஆழம் குறைந்த பாக் நீரிணையில் அது மேய்ந்த இடம், ஏர் ஓட்டிய சால்போல வெறும் மணலாகக் கிடக்கும். நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை புல் வேண்டியிருப்பதால், புல்படுகை இருக்கும் கரையை விட்டு அது அதிகம் விலகுவதில்லை. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பரப்பில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022-இல் அறிவித்ததற்கும் அங்குள்ள புல்படுகைகளே முக்கியக் காரணம்.

மண்டபம் நூலகன்
விடை சரி, கேள்விதான் சற்றுத் தளர்வானது. மிக நெருங்கிய உறவு என்றால், 1741-இல் அறிவியலுக்குத் தெரியவந்து 1768-க்குள் வேட்டையாடி முற்றாக அழிக்கப்பட்ட ஸ்டெல்லர் கடற்பசுவையும், இன்று வாழ்பவற்றில் அட்லாண்டிக் பக்கத்து மானட்டீ இனங்கள் மூன்றையும்தான் சொல்ல வேண்டும். 'இந்த நான்கில்' என்று சேர்த்திருந்தால் குறை சொல்ல இடமிருந்திருக்காது.

தேவிபட்டினம் வாசி
மிக்க நன்றி. திமிங்கலம் என்ற அணிக்குப் பாதி மதிப்பெண்ணாவது தரலாமா என்று விழாக் குழுவினர் கேட்கிறார்கள்.

பாம்பன் கரை
தர வேண்டாம் என்பதே என் கருத்து. கேள்வியில் எவ்வளவு தளர்வு இருந்தாலும், அந்த நான்கில் திமிங்கலம் விடையாக வழியில்லை. அடுத்த ஆண்டு யானை, கடற்பசு இரண்டின் கர்ப்பகாலத்தையும் கேளுங்கள். யானைக்கு ஏறத்தாழ 22 மாதம், கடற்பசுவுக்கு 13 முதல் 15 மாதம்.