முழு வேகத்தில் நின்றுபோகும் இன்ஜின்

குழு: பாம்பன் வீடு

சனி, காலை 6:10

தம்பி: மாமா, எழுந்துவிட்டீர்களா? நேற்று வடகடலில் நண்டு வலை எடுக்கப் போனபோது படகு இன்ஜின் மூன்று தடவை நின்றுவிட்டது. மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை. முழு வேகம் கொடுத்தால் பத்து நிமிடம் ஓடும், அப்புறம் இளைத்து இளைத்து அடங்கிவிடும்.

அப்பா: பிளக் இரண்டும் புதிது. கார்புரேட்டரும் கழுவியாயிற்று. பெட்ரோல் பம்புக்கு உள்ளே இருக்கிற ரப்பர் தகடு, டயாபிரம், வாங்கப் போகிறேன்.

மாமா: அத்தான், பொறுங்கள். காசு செலவழிக்கும் முன்னால் ஒன்று பார்ப்போம். மாப்பிள்ளை, வேகம் இறங்கும்போது டேங்கிலிருந்து வரும் ஹோஸ் நடுவில் இருக்கிற ரப்பர் பல்ப்பை அமுக்கினாயா?

தம்பி: இல்லை மாமா. நின்ற பிறகு அமுக்கித்தான் ஸ்டார்ட் செய்தேன்.

மாமா: இன்று கரை ஓரமாகவே ஓட்டு. அப்பா பல்ப்பைப் பார்க்கட்டும். வேகம் இறங்கும்போது அமுக்கி, இன்ஜின் மறுபடி எடுத்தால் கார்புரேட்டருக்கு எண்ணெய், அதாவது பெட்ரோல், வந்து சேரவில்லை என்று அர்த்தம். டேங்க், ஹோஸ், பம்ப், இந்த மூன்றுக்குள்தான் கோளாறு. அமுக்கியும் மாற்றமில்லை என்றால் கார்புரேட்டரின் ஜெட் துளை அடைப்பையோ கரன்ட் பக்கத்தையோ பார்க்கலாம்.

மாமா: பல்ப் சப்பையாகிறதா என்று முக்கியமாகப் பாருங்கள். சப்பையானால் பல்ப்புக்கும் டேங்குக்கும் நடுவில் அடைப்பு. சப்பையாகாமல் தொளதொளவென்று இருந்தால் எங்கேயோ காற்று இழுக்கிறது. டேங்க் பக்கம் காற்று இழுத்தால் வெளியே ஒரு சொட்டு ஒழுகாது, அதனால் கண்ணுக்கே தெரியாது.

அம்மா: தூரம் போகாதீர்கள். கச்சான் காற்று அடிக்கிறது.

மாமா: அக்கா சொல்வது சரி. வடகடலில் இந்தக் காற்றில் இன்ஜின் நின்றால் படகை இலங்கை எல்லைப் பக்கம் தள்ளிவிடும். சரியாகும்வரை வலைக்குப் போகவே வேண்டாம்.

காலை 9:40

அப்பா: பல்ப் பிழிந்த எலுமிச்சம்பழம் மாதிரி ஒட்டிவிட்டது. அமுக்கினால் இரண்டு நிமிடம் ஓடுகிறது.

மாமா: அப்போது பம்ப் இழுக்கிறது, டயாபிரம் வாங்காதீர்கள். டேங்க் மூடியில் காற்று உள்ளே போகும் திருகு திறந்திருந்ததா?

தம்பி: திறந்துதான் இருந்தது.

மாமா: உப்பு ஏறி ஓட்டை அடைந்திருந்தால் திறந்தும் பயனில்லை. மூடியையே கொஞ்சம் தளர்த்திவிட்டு ஓட்டிப் பார்.

தம்பி: அப்படியும் அதேதான் மாமா.

மாமா: சரி, இன்ஜினை ஆறவிட்டு டேங்குக்குள் இருக்கிற உறிஞ்சு குழாயின் வடிகட்டி வலையைப் பார். பிறகு டேங்குக்கும் பல்ப்புக்கும் நடுவிலுள்ள ஹோஸைத் தனியாகக் கழற்று. பக்கத்தில் பீடி கூடாது.

காலை 11:25

தம்பி: வலை சுத்தம். ஹோஸை எண்ணெய் வடித்துவிட்டு சைக்கிள் பம்பால் ஊதினேன். டேங்க் முனையிலிருந்து ஊதினால் அடைக்கிறது, அடுத்த முனையிலிருந்து ஊதினால் தாராளமாகப் போகிறது!

மாமா: நீளவாக்கில் கீறிப் பார்.

தம்பி: உள் தோல் உரிந்து நாக்கு மாதிரி தொங்குகிறது. வெளியே ஒரு வெடிப்பு இல்லை, தொட்டால் புதிது மாதிரிதான் இருக்கிறது.

மாமா: அதுதான் ஆள். எண்ணெய் வேகமாக ஓடும்போது அந்த நாக்கு எழுந்து வழியை அடைக்கும். மெதுவாக ஓடும்போது கொஞ்சம் எண்ணெய் போதும், அதனால் தெரியாது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அதைத் தாங்காத ஹோஸின் உள் தோல் இப்படித்தான் உரியும். எத்தனால் தாங்கும் பெட்ரோல் ஹோஸ் என்று கேட்டு வாங்கு. பல்ப்பும் மாற்றிவிடு. அதன் மேலுள்ள அம்புக்குறி இன்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும்.

மாமா: எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். டேங்கின் அடி எண்ணெயைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வை. தண்ணீர் அதிகம் சேர்ந்திருந்தால் அடியில் தனியாக நிற்கும். புது பெட்ரோல் 20 லிட்டருக்குக் கலக்கும் ஆயில் 400 மில்லி, நம் இன்ஜினுக்கு அதுதான் கணக்கு.

மாலை 4:50

தம்பி: மாற்றியாயிற்று மாமா. முக்கால் மணி நேரம் கரை ஓரமாகவே முழு வேகத்தில் ஓட்டினோம். பல்ப் சப்பையாகவில்லை, ஒரு தடவைகூட இளைக்கவில்லை. பாட்டிலில் அரை விரல் தண்ணீர் நின்றது, அதைக் கொட்டிவிட்டேன்.

மாமா: நல்லது. ஹோஸும் பல்ப்பும் ஒரு செட் கூடுதலாக வாங்கிப் படகிலேயே போட்டு வை.

அப்பா: இரண்டு செட்டாகத்தான் வாங்கினேன் மாப்பிள்ளை.

அம்மா: சரி, இருட்டுவதற்குள் வீட்டுக்கு வாருங்கள்.