பழைய நகையை உருக்கி விற்க வேலூர் பக்கம் நல்ல இடம் எது?

வணக்கம். பாட்டியின் கல் அட்டிகையை விற்க வேண்டும். ஹால்மார்க் வராத காலத்து நகை, முத்திரை எதுவும் இல்லை. லாங்கு பஜாரில் ஒரு கடையில் உரைகல்லில் தேய்த்துவிட்டு 18 கேரட் என்றார்கள். இன்னொரு கடையில் மெஷினில் வைத்து 84 சதவீதம் என்கிறார்கள், அதாவது 20 கேரட்டுக்கும் சற்று மேல். மெஷின் மேற்பரப்பைத்தான் படிக்கும், பற்றவைத்த இடத்தில் வேறு கணக்கு காட்டும் என்பது தெரியும். அதனால் உருக்கிப் பார்ப்பதுதான் சரி என்று தோன்றுகிறது.

கல்லுக்கும் அரக்குக்கும் எடை கழிக்கட்டும், நியாயம். ஆனால் விற்கிற நகைக்கு எதற்குச் சேதாரம் என்றும் கழிக்க வேண்டும்?

கண் முன்னே உருக்கி, டெஸ்ட் சீட்டு கொடுத்து, புது நகை வாங்கச் சொல்லாமல் பணத்தை வங்கிக் கணக்கில் போடுகிற இடம் தெரிந்தால் சொல்லுங்கள். காட்பாடி, ஆற்காடு, ராணிப்பேட்டை என்றாலும் சரி. உருக்குக் கூலி எவ்வளவு வாங்குகிறார்கள்?