பேட்டரி நன்றாக இருக்கிறது, ஆனால் கார் ஸ்டார்ட் ஆகவில்லை

வணக்கம். பத்து நாளாக என் கார் படுத்துகிறது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. இன்ஜின் சுற்றுவதே இல்லை. 2014 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர். முதலில் காலையில் மட்டும் இப்படி ஆகும், நான்கைந்து முறை திருப்பினால் கிளம்பிவிடும். இப்போது எந்த நேரமும் இதே கதைதான்.

பேட்டரி வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டுகிறது. சாவியைத் திருப்பிப் பிடிக்கும்போதும் 12.4-க்குக் கீழே இறங்கவில்லை, ஹெட்லைட்டும் மங்கவில்லை. அதனால் இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார் கரண்ட்டை இழுக்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

டெர்மினல்களைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினேன். எர்த் வயரையும் சுத்தம் செய்தேன். ஸ்டார்ட்டருக்கான ரிலேவை (சாவி திருப்பினால் கரண்ட்டை அனுப்பும் சின்ன சுவிட்ச்) அதே அளவுள்ள ஹாரன் ரிலேவோடு மாற்றிப் பார்த்தேன். இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஜம்ப் கொடுத்தும் அதே 'டக்'. ஆனால் தள்ளிவிட்டு இரண்டாவது கியரில் கிளட்ச்சை விட்டால் உடனே ஸ்டார்ட் ஆகி நன்றாக ஓடுகிறது.

அப்புறம், நேற்று நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, தம்பி சாவியைத் திருப்பும்போது ஸ்பேனரால் ஸ்டார்ட்டரை லேசாகத் தட்டினேன். இரண்டு முறை சட்டென்று சுற்றியது. இன்று தட்டியும் பலனில்லை. அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போக இந்த வண்டிதான் இருக்கிறது, அதுதான் கவலை.

ஸ்டார்ட்டரைக் கழற்றாமலேயே, கோளாறு சொலினாய்டிலா (மோட்டாருக்குக் கரண்ட்டை இணைத்துவிடும் காந்த சுவிட்ச்), மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷிலா (சுழலும் பகுதிக்குக் கரண்ட்டைக் கொண்டுபோகும் கார்பன் துண்டு) என்று மல்டிமீட்டரை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?