பிள்ளையின் கைக்குப் புத்தகம் போன ஒரு நாள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

அக்கரப்பத்தனை ஆசிரியை

செப்டெம்பர் 8 எழுத்தறிவு தினமும் ஒக்டோபர் வாசிப்பு மாதமும் அடுத்தடுத்து வருவதால் இந்த நாட்களில் பாடசாலையில் பதாகை, பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி என்று ஓட்டமாகவே இருக்கிறது. அந்த ஓட்டத்துக்கு நடுவில் ஒரு விஷயத்தை எங்காவது இறக்கி வைக்க வேண்டும் என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் நூலக அலுமாரியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. மலையகத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படித்தவர்கள், படிப்பித்தவர்கள் எல்லாருக்கும் அது தெரியும்: புத்தகம் உள்ளே, சாவி அதிபரின் மேசை லாச்சியில், ஒன்று தொலைந்தாலும் கணக்காய்வில் கேள்வி. கெஞ்சிச் சாவியை வாங்கி, தரம் 4 பிள்ளைகளுக்கு வீட்டுக்குக் கொண்டுபோகப் புத்தகம் கொடுக்க ஆரம்பித்தேன்.

ஒரு பையன் திங்கட்கிழமை எடுத்த கதைப் புத்தகத்தைச் செவ்வாய்க்கிழமை காலையிலேயே மேசையில் வைத்தான். என்ன கதை என்று கேட்டேன், சொல்லத் தெரியவில்லை. "வாசிக்காமல் கொண்டுவருவதற்கு ஏன் எடுத்தாய்? வேறொரு பிள்ளைக்காவது கொடுத்திருப்பேனே" என்று வகுப்பு முழுவதும் கேட்கும்படி ஏசிவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. இடைவேளையில் தனியாக வந்து நின்று சொன்னான்: "மிஸ், எங்க காம்பராவுல ஒழுகுது. புத்தகம் நனஞ்சிரும்னு அம்மா குடுத்துட்டு வரச் சொன்னிச்சு."

காம்பரா என்றால் அவர்கள் குடியிருக்கும் லயத்து அறை. அப்போதுதான் அவனுடைய பையைத் திறந்து பார்த்தேன். கொப்பிகள் எல்லாம் ஓரம் ஊறி, மை பரவி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நூலகப் புத்தகத்தை மட்டும் வெறும் பால்மாப் பை ஒன்றுக்குள் வைத்து, அந்தப் பையின் வாயை மடித்து ரப்பர் பட்டி போட்டுக் கொண்டுவந்திருந்தான். ஒரு சொட்டு ஈரம் அதில் இல்லை. தன் கொப்பியை நனையவிட்டுப் பாடசாலையின் புத்தகத்தைக் காப்பாற்றிய பிள்ளையை நான் ஏசினேன். இதுபோல் மனதில் நிற்பது உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள்.

தலவாக்கலைக்காரன், இப்போது கொழும்பில்

ஆசிரியை அவர்களே, நீங்கள் தெரியாமல் செய்தீர்கள். நான் தெரிந்தே செய்தேன்.

எங்கள் வேலைத்தலத்தில் புத்தகம் சேர்த்தோம். வந்ததில் பாதி உயர்தரக் கணக்கீட்டு வினாத்தாள்களும் பழைய ஆங்கிலச் சஞ்சிகைகளும்தான். பொறுக்கி எடுத்தபோது சிறுவர் புத்தகம் 40 தேறியது. தோட்டத்துக்குள் போவதற்கு முகாமையாளரிடம் அனுமதி வாங்கி, வேன் பிடித்துப் போய்ச் சேர்ந்தால், அங்கே 100 பிள்ளைகளுக்கு மேல் வரிசையில் நிற்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் படத்தில் வர வேண்டும் என்று எங்களுடைய ஒழுங்கமைப்பாளர் சொன்னார். ஆகவே ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் புத்தகத்தைக் கொடுத்து, படம் எடுத்து, வரிசையின் மறு கோடியில் அதைத் திருப்பி வாங்கி, அடுத்த பிள்ளைக்காக முன்னால் கொண்டுபோக வேண்டும். மறு கோடியில் நின்று வாங்கியவன் நான்.

தரம் 2 இருக்கும் ஒரு சிறுமி, படம் எடுத்து முடிந்த அந்தப் பத்தடி தூரத்துக்குள் புத்தகத்தைத் திறந்து, முதல் வரியின் கீழ் விரலை வைத்து, எழுத்தெழுத்தாக வாசித்துக்கொண்டே என்னிடம் வந்து சேர்ந்தாள். நான் கையை நீட்டினேன். அவள் நிமிரவில்லை. நான் மெல்ல இழுத்தேன். தாள் கிழியக் கூடாது என்று முதலில் விரலை எடுத்தாள், பிறகு புத்தகத்தை விட்டாள். அந்த 40 புத்தகங்களும் பாடசாலை நூலகத்துக்குத்தான் போயின, நாங்கள் யாரும் ஒன்றையும் திரும்பக் கொண்டுவரவில்லை. இருந்தாலும் அவளுடைய விரல் விலகிய அந்தக் கணத்துக்கு அது ஈடாகாது.

நூலக உதவியாளர், ஊவா

தலவாக்கலை நண்பரிடம் ஒன்றைக் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். புகைப்படம் தவறுதான். ஆனால் அதற்குப் பிறகு அந்த 40 புத்தகங்களும் பாடசாலை நூலகத்தில் என்ன ஆயின என்று ஒரு தடவையாவது விசாரித்தீர்களா? ஆசிரியை சொன்ன அதே அலுமாரிக்குள்தான் போயிருக்கும். புத்தகத்தைப் பறித்த கைக்காக வருந்துகிறீர்கள். பூட்டிய கையைப் பற்றி நாம் யாரும் பேசுவதில்லை. நான் பூட்டிய கை.

பிரதேச சபை நூலகத்தில் வேலை செய்கிறேன். அங்கத்துவம் பெறுவதற்குப் பிணையாளி ஒருவரின் கையொப்பம் வேண்டும், அவர் சோலை வரி (வீடு, காணிக்கான வரி) கட்டுபவராகவோ அரசாங்க ஊழியராகவோ இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயம் தோட்டத்துக்குச் சொந்தமானது. அங்கே வாழ்பவர் சோலை வரி கட்டுபவர் அல்லர். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தினுடைய 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும் வரைக்கும், வாக்குப் போட்டுச் சபையைத் தெரிவுசெய்த தோட்ட மக்களுக்கு அதே சபையால் தாராளமாகச் செலவழிக்க முடியாதிருந்தது. இதையெல்லாம் அறிந்துகொண்டே நான் விதிப்படி நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தாய் சந்தைக்கு வரும்போது ஒரு பெண் பிள்ளை நூலகத்துக்குள் வந்து, இறாக்கை ஓரத்தில் நின்றபடியே வாசிக்கும். நாற்காலி காலியாகத்தான் இருக்கும், ஆனால் உட்காராது. அம்மா வாசலில் நின்று கூப்பிட்டதும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஓடும். ஒரு ஞாயிறு நேராக என் மேசைக்கு வந்து, "47ஆம் பக்கம் வர வாசிச்சேன் சேர், அந்தப் புத்தகம் எங்க?" என்று கேட்டது. வேறு யாரோ இரவல் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு கிழமை முழுவதும் அந்த இலக்கத்தை ஞாபகத்தில் வைத்திருந்து கேட்ட பிள்ளையிடம், "இரண்டு கிழமை கழித்து வா" என்று நான் சொன்னேன். அதற்கு அடுத்த ஞாயிறு பிணையாளியின் இடத்தில் என் கையொப்பத்தைப் போட்டுப் படிவத்தைத் தயாராக வைத்திருந்தேன். நான்கு ஞாயிறு கழிந்தபின் பிள்ளை வந்தது, அட்டையை வாங்கியது, இன்றும் எடுத்துப் படிக்கிறது. அந்த நான்கு கிழமையும் நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர்

மூவரும் எழுதியதை வாசித்தேன். என்னுடையது சின்னது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு பாடசாலைக்கு மேற்பார்வைக்குப் போனபோது, தரம் 3 பிள்ளை ஒன்று பாடப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை மனப்பாடமாக ஒப்புவித்தது. புத்தகத்தைத் திருப்பி வேறு பக்கம் காட்டினால் ஒரு சொல்லும் வரவில்லை. "நல்ல பிள்ளை" என்று பதிவேட்டில் எழுதிவிட்டு வந்தேன். அது தவறு.

இனி, புத்தகம் கொடுக்க நினைப்பவர்கள் சில காரியங்களைக் கவனிக்க வேண்டும். 1980 முதல் பாடநூல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆகவே தோட்டத்தில் இல்லாதது பாடநூல் அல்ல, பரீட்சைக்கு வராத புத்தகம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வழிகாட்டிகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய் இறக்காதீர்கள். பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரி, பெரிய எழுத்து, நிறையப் படம் உள்ளவற்றைத் தேடுங்கள். "தேத்தண்ணி" என்று பேசும் பிள்ளைக்குத் "தேநீர்" என்ற சொல் புதியது. வீட்டுச் சொல்லும் நூற்சொல்லும் இரண்டும் வருகின்ற கதை கிடைத்தால் விடாதீர்கள். மேற்குச் சரிவில், ஹட்டன், மஸ்கெலியா பக்கம், மே முதல் செப்டெம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவமழை. பதுளைப் பக்கம் மழை வடகீழ்ப் பருவத்தில். அந்தந்த இடத்து மழைக்கு முன் கொடுத்தால் புத்தகம் பூஞ்சணம் பிடிக்கும். மழை விட்ட பிறகு கொடுங்கள். அலுமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்; ஈரமும் கறையானும் அங்கிருந்துதான் ஏறும். பழைய பிஸ்கட் தகரம் ஒன்றை லயத்துக்கு ஒன்றாகக் கொடுத்து, அதற்குள் ஐந்து புத்தகம் போட்டு, மாதத்துக்கு ஒரு முறை லயத்துக்கு லயம் மாற்றினால், ஐம்பது புத்தகத்தில் ஒரு தோட்டமே வாசிக்கும். பிள்ளைக் காம்பராவை, அதாவது தோட்டத்துக் குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தை, மறக்காதீர்கள். எழுத்து தெரியாத வயதில் படம் பார்த்துத் தாள் புரட்டிய பிள்ளைதான் பின்னர் வாசிக்கும். இரவல் பதிவை ஆசிரியர் எழுத வேண்டாம், பிள்ளைகளே எழுதட்டும். பத்தில் ஒன்று திரும்பி வராது என்று எண்ணிக்கொண்டு தொடங்குங்கள். கடைசியாக, பெற்றோர் நாள்தோறும் மாலையில் கால் மணி நேரம் பிள்ளையை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இது இல்லாவிட்டால் மேலே சொன்ன எதுவும் பயன் தராது.

கொழுந்துக்காரியின் மகள்

ஐயா, தகரப் பெட்டி யோசனைக்கு நன்றி, அது செய்யக்கூடியது. கடைசியில் சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மாலைக் கொழுந்தை எடைபோடும் மடுவத்தில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, வரும் வழியில் விறகு பொறுக்கி, பீலியில் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டும் தாய்க்கு அந்தக் கால் மணி நேரத்தை யார் கொடுப்பது? கொடுத்தாலும், எழுத்து தெரியாத தாய் பிள்ளை வாசிப்பது சரியா என்று எப்படி அறிவார்? 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே விடப்பட்டன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. நடுவில் வளர்ந்த ஒரு தலைமுறைத் தாய்மாரிடம் போய்ப் பிள்ளை வாசிப்பதைக் கேட்கவில்லை என்று குறை சொல்வது நியாயமில்லை.

என் அம்மா அந்தத் தலைமுறை. 1980களின் நடுப்பகுதியில் நான் முதலாம் ஆண்டில் இருந்தேன். குப்பிலாம்பு வெளிச்சத்தில் நான் எழுத்துக் கூட்டும்போது அம்மா ரொட்டி தட்டிக்கொண்டே, "அது என்னா எழுத்து?" என்று கேட்பார். நான் பெருமையாகச் சொல்லிக்கொடுப்பேன். எனக்கு விளையாட்டு. மாவு படிந்த பலகையில் அவர் விரலால் எழுதிப் பார்த்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு சம்பள நாள். மைப்பெட்டியை முன்னால் தள்ளிய கணக்கப்பிள்ளையிடம் அம்மா, "பேனை குடுங்க ஐயா" என்றார். பின்னால் நின்ற வரிசை அமைதியானது. அம்மாவின் பெயரில் "ஜே" வரும். முதலெழுத்தை எழுதினார், துணைக்காலைப் போட்டார், பிறகு பேனை நின்றது. இரட்டைக் கொம்பை முதலில் எழுதுவதா, எழுத்தை முதலில் எழுதுவதா என்று அவருக்கு மறந்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். தெரிந்தும் சொல்லவில்லை. பின்னால் நின்றவர்களுள் யாரோ, "நேரமாவுது அக்கா" என்றார். அம்மா கட்டை விரலை மையில் வைத்துவிட்டு வந்தார்.

அடுத்த மாதம் முழுப் பெயரையும் எழுதினார். ஓய்வு பெறும் வரைக்கும் எழுதினார். ஆனாலும் அந்த ஒரு கொம்பை அன்று நான் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோட்டத்துக்குள் போவதற்கு அனுமதி வாங்கியதைத் தலவாக்கலை அண்ணன் போகிற போக்கில் எழுதிவிட்டார். தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்த நடேசய்யர் புடவை வியாபாரியின் வேடத்தில்தான் தோட்டங்களுக்குள் நுழைந்து நம்மவர்களின் நிலையைப் பார்த்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் பாட்டாகப் பாடித் துண்டுப் பிரசுரங்களை நம் சனங்களிடம் சேர்த்தார், வாசிக்கத் தெரியாதவர் காதால் கேட்டுக்கொள்ளட்டும் என்று. அச்சிட்ட தாள் நம் லயத்துக்கு வந்து சேர்ந்த வழி அவ்வளவு நீளம். அதனால்தான் பூட்டிய அலுமாரியைப் பற்றி யார் எழுதினாலும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அக்கரப்பத்தனை ஆசிரியை

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நான் எண்ணவில்லை. ஆலோசகர் ஐயாவின் யோசனைப்படி மூன்று பிஸ்கட் தகரங்களைத் தேடி வைத்திருக்கிறேன், இரண்டு துருப்பிடிக்காதவை. மழைக்கு முன் கொடுக்கக் கூடாது என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் பக்கம் மழை விட்ட பிறகு என்று பார்த்திருந்தால் பிள்ளை அடுத்த தரத்துக்குப் போய்விடும்.

அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று இருவர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "இடைவேளையில் என் மேசையிலேயே இருந்து வாசி" என்று மட்டும் சொன்னேன். அவன் அப்படியே செய்தான். ஆனால் புத்தகத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று அவனாகவே எண்ணிக்கொண்டான் போலும், நான் கவனிக்கவில்லை. தாய் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனதும் அவனைப் பாட்டி வந்து லுணுகலைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

வருட இறுதியில் பதிவேட்டைச் சரிபார்க்க வந்தவர் ஒரு பக்கத்தைக் காட்டி, இது என்ன பிழை என்று கேட்டார். ஒரே பெயர், ஒரே புத்தகம், எடுத்த திகதியும் கொடுத்த திகதியும் ஒன்று, ஒன்றன்கீழ் ஒன்றாக 23 வரிகள், எல்லாம் பென்சிலில். பிழை இல்லை என்று சொல்லிப் பக்கத்தில் கையொப்பம் வைத்தேன்.