புதுப்பிப்பு: விம் என் அமைப்புக் கோப்பைப் படிக்காத சிக்கல் தீர்ந்தது

உபுண்டு 24.04 லினக்ஸில் ~/.விம்/விம்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பில் (~ என்பது நம் வீட்டு அடைவு) எதை எழுதினாலும் விம் என்ற உரைத் தொகுப்பான் கண்டுகொள்வதில்லை, வரி எண்கூட வரவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

கை கொடுத்தது பட்டர்வொர்த் அண்ணன் சொன்ன வழிதான். விம்முக்குள் :ஸ்கிரிப்ட்நேம்ஸ் என்று அடித்தால், அது படித்த கோப்புகள் வரிசையாக வரும். அதில் என் கோப்பு இல்லை, ~/.விம்ஆர்சி என்று வேறொன்று இருந்தது. திறந்தால் உள்ளே ‘சின்டாக்ஸ் ஆன்’, ஒரே வரி. இந்த மடிக்கணினியை என் தலையில் கட்டிய மாமா பையன் வைத்ததாக இருக்கும். விம் முதலில் அதைத்தான் தேடும், கிடைத்துவிட்டால் ~/.விம் அடைவில் உள்ள விம்ஆர்சியை எட்டிக்கூடப் பார்க்காது. அந்த ~/.விம்ஆர்சியை அழித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. தேடும் வரிசை தெரிய வேண்டுமானால் :வெர்ஷன் போதும்.

~/.கான்ஃபிக்/விம் அடைவில் வைக்கச் சொன்ன யோசனையும் தப்பில்லை. ஆனால் அந்த வசதி 9.1.0327 பதிப்பில்தான் வந்தது. உபுண்டு 24.04-இன் மென்பொருள் களஞ்சியத்தில் கிடைப்பதோ அதற்கு முந்தைய 9.1.0016.

அப்புறம், எதிர்பாராத ஒன்று. நிர்வாகி உரிமை தரும் சூடோ கட்டளையைப் போட்டு விம்மைத் திறந்தால் அமைப்புகள் மறுபடி காணாமல் போயின. அப்போது விம் ரூட் என்ற நிர்வாகிப் பயனரின் வீட்டு அடைவில் தேடுகிறது. அதற்குப் பதில் சூடோஎடிட் பயன்படுத்தினால் தொகுப்பான் நம் பெயரிலேயே ஓடும், நம் கோப்பையே படிக்கும். எடிட்டர் என்ற சூழல் மாறியில் மட்டும் விம் என்று கொடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் ‘நானோ’ என்ற வேறொரு தொகுப்பான் வந்து நிற்கும்.