மாதிரி விமானத்துக்கு வீட்டிலேயே டெகல் அச்சிடுவது: வெள்ளை வளையத்துக்கு என்ன வழி?

கேள்வி:
வணக்கம். 1/72 அளவிலான மிக்-21 மாதிரி ஒன்றைக் கட்டிச் சாம்பல் வண்ணம் பூசியிருக்கிறேன். பெட்டியில் வந்த டெகல்கள் (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படச் சின்னங்கள்) வேறொரு நாட்டுக்கு உரியவை. எனக்கு வேண்டியவை இந்திய விமானப்படையின் காவி, வெள்ளை, பச்சை வட்டச் சின்னமும் கறுப்பு எண்களும். என் இங்க்ஜெட் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. எந்த டெகல் தாளை வாங்குவது? மை நீரில் கரையாமல் எப்படிக் காப்பது?

பதில் 1:
வெள்ளை, நிறமற்றது என இரண்டு வகை டெகல் தாளும் தேவைப்படும். பிரிண்டர் மை ஒளி ஊடுருவக்கூடியது என்பதால், நிறமற்ற தாளில் அச்சிட்ட காவி நிறம் சாம்பல் பரப்பின்மேல் மங்கிப் போகும். வெள்ளை வளையமோ தெரியவே தெரியாது. ஆகவே சின்னத்தை வெள்ளைத் தாளிலும், எண்களை நிறமற்ற தாளிலும் அச்சிடுங்கள். காவி வளையத்தைத் தேவையைவிடச் சற்று அகலமாக வரைந்து, அதன் உட்புறமாகவே வட்டவெட்டியால் வெட்டினால் விளிம்பில் வெள்ளைக் கோடு தெரியாது. தாளில் இடம் இருக்கும்வரை கூடுதல் படிகளையும் அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

பதில் 2:
மை நன்றாக உலர்ந்த பிறகு, அக்ரிலிக் கிளியர் (நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) ஸ்பிரேயை மிக மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காய்ந்த பின்னரே அடுத்ததை அடியுங்கள். முதல் பூச்சே கனமாக விழுந்தால் மை அங்கேயே பரவிவிடும். வெட்டிய விளிம்பு வழியாக நீர் புகக்கூடும் என்பதால் டெகலை நீரில் மிதக்க விடாமல், சில நொடிகள் நனைத்தெடுத்து, ஈரத் துணிமேல் வைத்து அது தானாக நழுவும்வரை காத்திருங்கள். இங்க்ஜெட் தாளை லேசர் பிரிண்டரில் ஒருபோதும் இடாதீர்கள். வெப்ப உருளையில் மேற்பூச்சு உருகி ஒட்டிக்கொள்ளலாம்.

பதில் 3:
ஒட்டும் பரப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பலருடைய உழைப்பு வீணாவது அங்கேதான். சொரசொரப்பான மேட் (பளபளப்பற்ற) வண்ணத்தின்மேல் ஒட்டினால் டெகலுக்கு அடியில் காற்று தங்கி, வெள்ளி பூத்ததுபோல் மினுங்கும். முதலில் பளபளப்பான கிளியர் பூசி, அது காய்ந்ததும் ஒட்டுங்கள். வீட்டில் செய்த டெகலின் படலம் பெரும்பாலும் தடிப்பாக இருக்கும். மாதிரியின் மேற்பரப்பில் உள்ள பலகைக் கோடுகளில் (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பள்ளக் கோடுகள்) அது படிய மைக்ரோ சால் போன்ற டெகல் மென்மையாக்கித் திரவம் உதவும், ஆனால் அது உங்கள் மையையும் கிளியரையும் பாதிக்கிறதா என்று கூடுதல் படி ஒன்றில் முன்னதாகவே சோதித்துப் பாருங்கள். இறுதியில் மேட் கிளியர் அடித்தால் விளிம்புகள் மறைந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இதே டெகலை மோட்டார் சைக்கிள் பெட்ரோல் டேங்கில் ஒட்டலாமா?

பதில் 2:
ஒட்டலாம், ஆனால் பெட்ரோலைத் தாங்க மேலே 2கே கிளியர் (கடினமாக்கி கலந்து பூசும் இருபகுதிக் கிளியர்) அவசியம். அதன் கடினமாக்கியில் சுவாசத்துக்குக் கேடான ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருப்பதால், தகுந்த சுவாசக் கவசமும் காற்றோட்டமும் உள்ள பெயிண்ட் பட்டறையில் அந்த வேலையை ஒப்படைத்துவிடுங்கள்.